மூடிய கையில் ஒரு கோரை

காலை ஆறு மணி. ஏரியில் மிதந்த தம்பியின் உடலைக் கரையேற்றினார்கள். வலது கை மட்டும் விரியவில்லை. இன்ஸ்பெக்டர் விரல்களைப் பிரித்தார். உள்ளே வேரோடு ஒரு கொத்துப் புல்.

"வழுக்கி விழுந்திருக்கார். கரைப்புல்லைப் பிடிச்சுப் பார்த்திருக்கார், பாவம்."

"தனியா மீன் பிடிக்கப் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அக்கா!" சின்ன மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். தங்கையின் கணவர், வெளிநாட்டுப் பூச்செடி விற்கும் நர்சரிக்காரர். தம்பி வேலை பார்த்ததும் அங்கேதான். 'வெளிநாட்டுச் செடியை அரசாங்கப் பரிசோதனைக்குக் காட்டாம மண்ணோட இறக்கறாங்கக்கா. புகார் கொடுக்கப்போறேன்' என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

அக்கா கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள். ஒரு தண்டை விரலிடையில் உருட்டினாள். உருளவில்லை; மூன்று பட்டை. உச்சியில் மிளகளவு பச்சை உருண்டை. புல் அல்ல, கோரை. கரையைச் சுற்றி வந்தாள். எங்கும் ஆளுயரக் கோரை. இந்தச் சாண் உயரக் குட்டையன் ஒன்றுகூட இல்லை.

"சார், இது இந்த ஊர்க் கோரையே இல்ல."

"புல்லுகிட்ட எல்லாம் ஊர் பேர் கேக்கணுமாம்மா?"

மறுநாள் அக்கா வீட்டில் மாப்பிள்ளை தம்பியின் படத்தடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தங்கை பரிமாற, மூன்றாம் முறை கேட்டு வாங்கி, விரலை நக்கினார். முகத்தைத் திருப்பிய அக்காவின் கண்ணில் பூந்தொட்டி பட்டது. பூச்செடியின் காலடியில் மூன்று பட்டைத் தண்டு, மிளகளவு உருண்டை.

"மாப்பிள்ளை, இந்தக் களை ஊரெல்லாம் பரவிடுச்சா?"

அவர் உஷாரானார். களையோடு வந்த வெளிநாட்டு மண் விஷயம் கிளம்பிவிடக் கூடாதே!

"சேச்சே! நம்ம நர்சரித் தண்ணித் தொட்டி ஓரத்தைத் தாண்டி ஒண்ணு போகலைக்கா."

மாலையில் இன்ஸ்பெக்டரோடு அங்கே போனாள். தண்ணீர்த் தொட்டி விளிம்பெங்கும் குட்டைக் கோரை, பாய் விரித்ததுபோல. ஓரிடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அளவு வழுக்கை.

"ஏரியில முழுகறவன் ஏரிக்கரைக் கோரையைத்தானே பிடிப்பான் சார்? இவன் உயிர் போனது இங்க. புகார் கொடுத்துடக் கூடாதுன்னு தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கின மாப்பிள்ளை, ஏரியில கொண்டுபோய்ப் போட்டிருக்கார். கையைப் பிரிச்சுப் பார்க்க மறந்துட்டார்."

பின்னாலேயே வந்து நின்ற மாப்பிள்ளை அவள் காலைப் பிடிக்கக் குனிந்தார். "அக்கா, உங்க தங்கச்சியை நினைச்சுப் பாருங்க!"

"தொடாதே. அவன் தலையை அமுக்கின கையாலதானே அவ போட்ட சாப்பாட்டை நக்கித் தின்னே?"

பூந்தொட்டியைச் சாட்சிக்கு எடுத்துப் போனார்கள். அவன் சாப்பிட்ட தட்டை அக்கா தேய்க்கவில்லை. இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள்.