அவன் திருத்திக் கொடுத்த நேரம்

கல்யாணமான மறுநாள், ஒரு பெட்டியும் ஒரு பையுமாக அவள் அந்த மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பழைய வீடு. கீழே ஒரு குடித்தனம், மேலே இவர்கள். நடுவில் செங்குத்தான படிக்கட்டு. பகலிலும் விளக்குப் போட்டால்தான் கால் வைக்கும் இடம் தெரியும். பாதிப் படியில் ஒரு வாசனை அவளை நிறுத்தியது. சோப்பும் ஈரத் தலைமுடியும் கலந்த வாசனை. யாரோ குளித்த கையோடு, தலை துவட்டாமல், இப்போதுதான் கடந்துபோன மாதிரி.

"என்ன, படி எண்ணிக்கிட்டு நிக்கிறியா?" என்றான் கணவன் மேலிருந்து.

அவன் ஒரு ஆலையில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு அரைநாள் வெட்டு என்று பதிகிற வேலை. முதல் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லித்தான் இவளைக் கட்டினான். எப்படி என்று கேட்டதற்கு, "விழுந்துட்டா. அவசரக் குடுக்கை" என்பதோடு சரி.

வீட்டில் கடிகாரமே கிடையாது. அது மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது. "டிக் டிக்னு கேட்டா எனக்குத் தலை வலிக்கும்" என்றவன், அவளுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தான். தானாகவே நேரம் பிடித்துக்கொள்ளும் வசதியை அதில் அணைத்து வைத்திருந்தான்.

"அதெல்லாம் நம்பக் கூடாது. தினம் காலையில என் வாட்ச்சப் பார்த்து நானே சரி பண்ணித் தரேன். நேரம் பாக்கிறதுதானே என் தொழில்?"

அவளுக்கு அது பிரியமாகப் பட்டது, கண்ணுகளா. புதுசாக வாழ வந்தவளுக்கு எது பிரியம், எது பொறி என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று முறை தாமதமானால் வேலை போய்விடும். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

சில நாள் கைப்பேசி முந்திக்கொண்டு ஓடும். அரைகுறையாகச் சாப்பிட்டு மூச்சிரைக்க ஓடினால் கம்பெனிக் கதவே திறந்திருக்காது. சில நாள் பின்தங்கும். "என்னம்மா, கனவு முடிச்சிட்டு வரியா?" என்பார் மேற்பார்வையாளர். அப்படி ஒரு தாமதம் அவள் கணக்கில் ஏறிவிட்டது.

"போன்ல நேரம் தப்பாப் போகுதுங்க."

"போன் ஒழுங்காத்தான் போகுது. உன் மண்டைதான் தப்பாப் போகுது. கண்டதையும் அமுக்கித் தொலைக்கிற." அவன் சிரித்தான். "பேசாம வேலைய விட்டுட்டு வீட்ல கிட. மணி பாக்கத் தெரியாதவளுக்கு வேலை ஒரு கேடா?"

வேலையிலிருந்து வந்து அவள் தனியாக இருக்கும் மாலைகளில் படிக்கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தடதடவென்று யாரோ இறங்கி ஓடுகிற சத்தம். கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை.

கடைசிப் படிகளின் சத்தம் மட்டும் வரவே வராது.

ஒரு காலை, படி இறங்கும்போது கையில் கைப்பேசி சில்லிட்டது. ஏழு பத்து என்றிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே அது ஏழு ஐம்பது ஆயிற்று.

அவள் விரல் திரையில் படவில்லை.

திரைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அலறிக்கொண்டு மேலே ஓடினாள். அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. அடுத்த கணம் கைப்பேசியைப் பிடுங்கி, மறுபடி ஏழு பத்துக்குத் திருப்பினான். "ஏழு பத்துதான். நிதானமா நடந்து போ. பேய் பிசாசுன்னு எங்கயாவது உளறி வச்ச, உன்னைப் பைத்தியம்னு கொண்டுபோய் அடைச்சிடுவாங்க."

அவன் பேச்சை நம்பி நிதானமாக நடந்தாள். இரண்டாவது தாமதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் ஓட ஆரம்பிச்சிட்டியாடி?"

"நீயும்னா?"

அக்கா மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவளும் இப்படித்தான். 'லேட்டாயிடுச்சுக்கா, லேட்டாயிடுச்சுக்கா'ன்னு தலைகூடத் துவட்டாம ஓடுவா. அன்னிக்கும் ஓடி வந்துதான் படியில வழுக்கிட்டா. அவளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், என் வீட்டு ரேடியோல அப்பத்தான் ஏழு மணிச் செய்தி ஆரம்பிக்குது. அவ கையில இருந்த போன்ல எட்டு மணி. அவ லேட்டே இல்லடி. இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு அவளுக்கு."

"யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"சொன்னேனே. 'விழுந்ததுல போன் கெட்டுப்போச்சு'ன்னான் அந்தப் பாவி. எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க."

அக்காவுக்கு உதவியாகப் பிடித்திருந்த ஈரத்துணியை இவள் முறுக்கிக்கொண்டே நின்றாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. இத்தனை நாளும் படிக்கட்டை நினைத்தாலே நடுங்கிய உடம்பு அப்போது நடுங்கவில்லை. கொதித்தது.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல் வாட்ச்சைப் பார்த்துக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். "ஏழு பத்து. உக்காந்து சாப்பிடு மகாராணி. நேரம் கெடக்கு."

அந்த வாசனை அறைக்குள் வந்தது.

அவள் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏழு பத்து, ஏழு நாற்பது ஆயிற்று.

"இதை மாத்தறது யாருங்க?"

"வாய மூடு!" பிடுங்கித் திருப்பினான். ஏழு பத்து.

ஏழு நாற்பது.

மறுபடி திருப்பினான். விரல் வழுக்கியது. திரை முழுக்க ஈரம்.

படிக்கட்டில் காலடி கேட்டது. இத்தனை நாளும் இறங்கியே ஓடிய காலடி.

அன்றைக்கு ஏறி வந்தது.

ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, அழுத்தி வைத்து, நிதானமாக ஏறியது. யாரும் துரத்தாத நடை அது.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போகாத… இங்கயே இரு."

"கைய விடுங்க. எனக்கு வேலைக்கு நேரமாச்சு." அவள் உதறிக்கொண்டு செருப்பை மாட்டினாள். "அந்த போன நீங்களே வச்சுக்கோங்க. அவங்க வர்றது என்னைப் பாக்க இல்லை."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் குளிர்ந்த ஈரக் கூந்தல் ஒன்று அவள் கன்னத்தை உரசியது. அவள் கத்தவில்லை. சுவரோடு ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

மேலே கதவு சாத்திக்கொண்டது.

வேலைக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று மாலை கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டுக்குப் போனவள் அப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. "சரி பண்ணிடறேன்… சரி பண்ணிடறேன்…" என்ற அவன் குரல் மத்தியானம் வரை கேட்டதாகக் கீழ்வீட்டு அக்கா சொன்னாள்.

அவன் செத்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. சாகவில்லை. இப்படிப்பட்டவர்கள் லேசில் சாவதில்லை. வீட்டைக் காலி செய்தான். வேறு பேட்டைக்குப் போனான். தலைக்குச் சாயம் பூசினான். ஒரு வருஷத்துக்குள் மூன்றாவதாக ஒருத்தியைப் பேசி முடித்தான். அவளுக்கும் கைப்பேசி வாங்க ஒரு பட்டப்பகலில் கடைக்குப் போனான். தனியாகத்தான் போனான்.

கடைப்பெண் புதுக் கைப்பேசியை எடுத்து வைத்தாள். "தேதி, நேரம் எல்லாம் தானாவே வர்ற மாதிரி வச்சித் தரேன் சார்."

"வேணாம்," என்றான் அவன். "அதை நானே பாத்துக்கறேன்."

கடைக்குள் அந்த ஈரத் தலைமுடி வாசனை வந்தது. கடைப்பெண் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, மரியாதையாகச் சிரித்தாள்.

"சரிக்கா," என்றாள். "நீங்க சொல்ற மாதிரியே வச்சிடறேன்."