பதின்மூன்றாவது மாட்யூல்

ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த பின்னறையின் சாவியை மானேஜர் சிவந்தி, ஆபீஸ் கிளார்க் எழில்மொழியின் கையில் திணித்தார்.

"புது சாப்ட்வேர் வருது பிள்ள. தாமோதரன் எழுதுன எக்செல் மேக்ரோவுல என்னென்ன மாட்யூல் கெடக்குனு ஒரு லிஸ்ட் போட்டுக் கொண்டா."

2003, ஐப்பசி. தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டில் மழை விட்டபாடில்லை. பகல் மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டிய இருட்டு. வெளியே அந்த மழையில்தான் அவளுடைய அப்பா வரதன் கன்டெய்னர்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே ஆள்.

தாமோதரன் போன ஐப்பசியில் ரிவர்ஸில் வந்த டிரெய்லருக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் மாட்டிச் செத்தவன். பீப், பீப் என்று வண்டி கத்திக்கொண்டுதான் வந்தது. அவன் காதில் விழவில்லை, பாவம். இரண்டு பழக்கங்களை ஆபீசுக்கே கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்து எழுதினால் அது ஒரு மாட்யூல்; ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் தேதியும் நேரமும் எழுத வேண்டும். காப்பி எடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது. மழையில் ஆபீஸ் முழுகிவிடும் என்பதால் காப்பி எடுத்த பிளாப்பியை வீட்டுக்கே கொண்டு போய்விடுவார்கள்.

அறையில் துருவும் ஈரக் காகிதமும் நாறின. கொஞ்சம் டீசலும். தாமோதரனின் கம்ப்யூட்டரைப் போட்டு, பழக்கப்படி ஒரு பிளாப்பியைச் செருகினாள்.

திரையின் இடப்பக்கம் மாட்யூல்கள் வரிசையாக நின்றன. கேட் பாசுக்கு ஒன்று, எடைச் சீட்டுக்கு ஒன்று, இப்படிப் பதினொன்று. கையால் எழுதச் சோம்பல்பட்டு, பெயர்களைத் தானே பட்டியல் போடும்படி பத்து வரிகள் எழுதி ஓட்டினாள்.

பன்னிரண்டு பெயர்கள் வந்தன.

கடைசிப் பெயர், தாமோதரன்.

எங்கேயோ தப்பு என்று துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

பதின்மூன்று.

கடைசி இரண்டும் இப்போது இடப்பக்க வரிசையிலும் வந்து உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டாவதைத் திறந்தாள். உள்ளே கட்டளை எதுவும் இல்லை. தலையில் அவன் செத்த தேதியும் நேரமும் மட்டும். 3.40.

பதின்மூன்றாவதன் பெயர், வரதன்.

இன்றைய தேதி. 3.40.

திரையின் மூலையில் மணி 3.38.

வெளியே எங்கேயோ பீப், பீப் என்று கேட்டது.

"நைனா!"

கதவுக்கு ஓடினாள். மழையில் ஊறிய கதவு இறுகிப்போய் அசையவில்லை. அவள் போட்ட கூச்சலைத் தகரக் கூரையில் விழுந்த மழை அமுக்கிவிட்டது. திரும்பி ஓடிவந்து, அந்தப் பெயரின் மேல் மவுஸை வைத்து அழிக்கச் சொன்னாள்.

அழிப்பதற்கு முன் காப்பி எடுத்து வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

யோசிக்க நேரம் ஏது? பழகிய விரல் 'ஆம்' என்று அழுத்தியது. பிளாப்பி கர்ரென்று சுழன்று நின்றது. வரதன் பட்டியலில் இல்லை.

பீப் சத்தமும் நின்றது.

வெளியிலிருந்து யாரோ கதவை உதைத்துத் திறந்தார்கள். அப்பா! சட்டை தோளில் கிழிந்திருந்தது.

"இன்னாமா, இப்டி கத்திகினு கீற? ஒண்ணும் ஆவல. டிரெய்லர் ரிவர்ஸ்ல வந்துச்சு, சட்டய உரசிகினு நின்னுடுச்சு."

அவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் வியாசர்பாடியில், மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். டிபன் டப்பாவை எடுக்கப் பைக்குள் கைவிட்ட எழில்மொழியின் விரலில் பிளாப்பி தட்டுப்பட்டது. வழக்கம்போல எடுத்து வந்திருக்கிறாள்.

அதில் எதைக் காப்பி எடுத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, அழிக்கவில்லையே. வீட்டுக்கல்லவா கொண்டு வந்திருக்கிறேன்!

டீசல் நாற்றம் அடித்தது.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"எழிலு, இன்னா சத்தம் அது? வண்டி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி கேக்குது," என்று கதவைப் பார்த்தார். "நம்ம வராண்டாலயே கேக்குதேமா."