மங்கிய கடைசி வரிசை

லென்ஸ் காணவில்லை என்று தெரிந்து ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் எட்டு மாணவர்களில் ஆறு பேர் ரூபாதான் திருடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழாவது ஆள் ரூபா. எட்டாவது ஆள் தரணி. பிஎஸ்ஸி இயற்பியல், முடிவு கட்டும் முன் யோசிக்கிற கெட்ட பழக்கம் உள்ளவள். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மெஸ்ஸின் மாடியில் அந்த ஹால். வாசலில், 'புதியவர்களுக்குப் புகைப்படப் பயிற்சி' என்று பேனர். அதில் பயிற்சியாளர் புருஷோத்தமனின் முகம் பெரிது, கேமரா சிறிது. படத்தில் எதைப் பெரிதாக வைப்பது என்பதுதான் முதல் பாடம் என்றால், அவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

மதியம் 3.35. சித்தூரிலிருந்து கோபிகிருஷ்ணன் காரில் வந்து இறங்கினார். ஸ்டூடியோ முதலாளி. காணாமற்போன 24-70 ஜூம் லென்ஸ் அவருடையது. பயிற்சிக்காக இரவல் கொடுத்தது. திங்கட்கிழமை ரூபா வேலைக்குச் சேரவிருந்ததும் அவருடைய ஸ்டூடியோவில்தான். கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் போய்ப் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"ஏம்மா, நிஜம் சொல்லு. நீதானே?" என்றார் ரூபாவிடம்.

"நானு எடுக்கல சார். எல்லாரும் மெஸ்ஸுக்குப் போனாங்கோ. நானு இங்கயே டப்பா சோறு துன்னுகினு இருந்தேன். மேஜைப் பக்கமே போவல."

"பின்ன லென்ஸுக்குக் கால் முளைச்சுதா?" என்றான் திலீப். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, தன்னைவிட விலை அதிகமான கேமரா. இரண்டு நாளாக அதை, எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் 'ஆட்டோ'வில் வைத்தே எடுத்துக்கொண்டிருந்தான். "இவ ஊரு சாந்திபுரத்துல இருந்து யாராச்சும் கீழ வந்து நின்னிருப்பான். ஜன்னல் வழியா குடுத்திருப்பா."

சிலர் சிரித்தார்கள். ரூபா சிரிக்கவில்லை. அவளுடைய பை தரையில் கொட்டிக் கிடந்தது. டப்பா, சீப்பு, சார்ஜர். மற்ற ஏழு பேரின் பைகளும் மரியாதையாக மேஜைமேல் திறந்து காட்டப்பட்டிருந்தன.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்றார் புருஷோத்தமன், குற்றம் சொல்லும் குரலில். லென்ஸ் வடிவத்திலேயே செய்த கறுப்புக் குவளையிலிருந்து டீயை உறிஞ்சினார். மூடி போட்டால் அசல் ஜூம் லென்ஸ். கோடுகள், எண்கள் எல்லாம் உண்டு. அதைப் பார்த்து யாராவது ஏமாந்தால் அவருக்கு அன்று முழுவதும் சந்தோஷம். "படமே சாட்சி. ஒரு மணிக்கு குரூப் போட்டோ எடுத்தேன். பின்னாடி மேஜைல லென்ஸ் இருக்குது. அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனோம். இங்க இருந்தது ஒருத்திதான்."

வாட்ஸ்அப் குழுவில் இருந்த அந்தப் படத்தை கோபிகிருஷ்ணன் பெரிதாக்கிப் பார்த்தார். மேஜையில் கறுப்பாக, உருளையாக ஒன்று. "போலீஸுக்குச் சொல்லிடலாம்," என்றார். ரூபாவைப் பார்த்து, "திங்கக்கிழமை வர வேணாம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ரூபா தரணியின் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, வீட்டுக்கு அனுப்பலாம்னு அந்தப் படத்தைப் பார்த்தேன். அதுல என் மூஞ்சியே தெரியல. திருடின்றதுக்கு மட்டும் நல்லா தெரியிதாம்."

தரணி தன் போனில் படத்தைத் திறந்தாள். முன்வரிசையில் திலீப்பின் மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்வரிசையில் ரூபா, சர்க்கரைப் பாகில் ஊறியவள்போல் கலங்கியிருந்தாள்.

தரணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், தரையிடம் கேட்டாள்.

"லென்ஸைக் கடைசியா கண்ணால யாரு பார்த்தீங்க?"

"படத்துலயே இருக்குதே," என்றான் திலீப்.

"படத்துல இல்ல. கண்ணால."

திலீப் யோசித்தான். அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை என்பது நெற்றியில் தெரிந்தது. "காலைல ரேணிகுண்டா ஸ்டேஷன்ல, பிரிட்ஜ் மேல ரயில் எடுக்கறப்ப. சார் கேமராவுல மாட்டியிருந்தாரு."

"அதுக்கப்புறம்?"

கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை. படத்தால் பார்த்தவர்கள் ஆறு பேர்.

"சார், நேத்து நீங்க சொன்னீங்க," என்றாள் தரணி. கண் இன்னும் தரையில். "குரூப் போட்டோன்னா அபர்ச்சர் நம்பர் எட்டுக்குக் கீழ போகக் கூடாது. வெளிச்சம் பத்தலன்னா ஐஎஸ்ஓவை ஏத்தணும். கடைசி வரிசைல நிக்கறவனும் காசு குடுத்தவன்னு."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"இந்தப் படம் எத்தனைல எடுத்தீங்க?"

"ஞாபகமில்ல."

"கேமராவுல இருக்கும், காட்டுங்க," என்றார் கோபிகிருஷ்ணன். இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவர்; முதல்முறையாக அவர் கண் மேஜையைவிட்டு ரூபாவின் கலங்கிய முகத்துக்கு நகர்ந்தது.

புருஷோத்தமன் காட்டினார். 1.4.

"ஹால் இருட்டா இருந்திச்சு."

"பட்டப்பகல் ஒரு மணி. நாலு ஜன்னலும் திறந்திருந்துச்சு. நேத்து திலீப் இதே தப்பைப் பண்ணினப்ப, ஆடு மேய்க்கப் போடான்னீங்க."

"நானா வெச்சேன்? அது ஆட்டோவுல வந்தது," என்று முனகினான் திலீப். அவனை யாரும் கவனிக்கவில்லை.

தரணி புருஷோத்தமனின் கையிலிருந்து குவளையை வாங்கினாள். மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். "கோபிகிருஷ்ணன் சார், அவரு நின்ன இடத்துல நின்னு, அதே கேமராவுல, அதே 1.4ல ஒரு படம் எடுங்க. ரூபா, முன்னாடி வந்து நில்லு."

கிளிக்.

கோபிகிருஷ்ணன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேஜையில் அதே கறுப்பு உருளை. அதே கலங்கல். எண்ணும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை.

"நம்பர் குறைஞ்சா அபர்ச்சர் அகலமாத் திறக்கும். முன்னாடி மட்டும் தெளிவா இருக்கும், பின்னாடி கலங்கிடும்," என்றாள் தரணி. "எட்டுல எடுத்திருந்தா ரூபா முகம் தெரிஞ்சிருக்கும். குவளைன்னும் தெரிஞ்சிருக்கும். சாருக்கு ரெண்டாவது தெரியக் கூடாது."

"நான்சென்ஸ்! அப்ப குவளை என் கையில இருந்துச்சு."

"இடது கை லென்ஸுக்கு அடியில, வலது கை பிடியில. நீங்க கத்துக் குடுத்ததுதான். குவளை எந்தக் கையில சார்?"

புருஷோத்தமன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"எட்டுப் பையையும் பார்த்தாச்சு," என்றாள் தரணி. "ஒன்பதாவது பை ஒண்ணு இருக்குது. வாத்தியார் பைன்னு யாருக்கும் தோணல."

கோபிகிருஷ்ணன் கேட்கவில்லை, தானே எடுத்து ஜிப்பை இழுத்தார். அடியில் சுருட்டி வைத்த ஒரு துண்டு. பிரித்ததும் கண்ணாடிச் சில்லுகள் மேஜையில் உதிர்ந்தன. லென்ஸின் முன் வளையம் நசுங்கியிருந்தது.

"அரே... இது எப்படிய்யா?"

"பிரிட்ஜ்ல கும்பல். யாரோ இடிச்சுட்டான்," என்றார் புருஷோத்தமன். "சொல்லத்தான் இருந்தேன்."

"எப்போ? நாங்க போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கறப்பவா?" என்றாள் ரூபா.

தரணி அவருடைய கேமராவை எடுத்துப் பார்த்தாள். கழுத்துப் பட்டை மாட்டும் இரண்டு வளையங்களும் காலியாக இருந்தன. பட்டை இல்லாமல் கேமராவைத் தொடாதே என்று இரண்டு நாளாக அவர் போட்ட சத்தம் கீழே மெஸ் வரைக்கும் கேட்டிருக்கும். இவர் பட்டை என்ன ஆயிற்று என்று ஒருமுறை ரூபா கேட்டதற்கு, அது கத்துக்குட்டிகளுக்கு என்று சொல்லியிருந்தார். ஒரு பெண்ணின் வேலை போனாலும் பரவாயில்லை, கத்துக்குட்டி என்ற பெயர் வரக் கூடாது. மனிதரின் உயரம் அவ்வளவுதான்.

"இடிச்சா கேமரா கழுத்துல தொங்கியிருக்கும்," என்றாள் தரணி. இம்முறை தரையைப் பார்க்கவில்லை. "பட்டை எங்க சார்?"

புருஷோத்தமன் குவளையைப் பார்த்தார். திலீப்பைப் பார்த்தார். திலீப் ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் அவர் பார்க்க மிச்சமிருந்த முகம் ரூபாவுடையதுதான். அது இப்போது வெகு தெளிவாக இருந்தது.

"பட்டை போடல," என்றார். "யாரும் இடிக்கல. நான்தான் கைதவறிக் கீழ போட்டுட்டேன்."