எண் பொருந்திய ரைஃபிள்

அந்த மாடி அறையில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. கணவர் போன பிறகு மாடிக்குக் கணப்பு மூட்டுவதில்லை என்று யூனிஸ் சொல்லியிருந்தாள். ரைஃபிளின் குழாயைத் தொட்டதும் வெர்னனின் விரல்நுனி குளிரில் எரிந்தது. ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் துண்டான போல்ட் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்து இப்போதுதான் கையை எடுத்ததைப் போல.

ஜன்னல் வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஜன்னலில் திரை போட்டிருந்தது.

பழைய ராணுவ ரைஃபிள்களுக்கு விலை சொல்வதில் பென்சில்வேனியாவின் அந்த வட்டாரத்தில் வெர்னனை மிஞ்ச ஆளில்லை. எது அசல் பாகம், எது பின்னால் சேர்த்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். இது ஜெர்மன் ரைஃபிள். ஒவ்வொரு பாகத்திலும் எண் அடித்திருக்கும். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சேகரிப்பாளர்கள் சொத்தை எழுதி வைப்பார்கள், ஒன்று மாறினாலும் விலை கால்வாசிக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் மாறுவது போல்ட்தான். சரணடைந்த சிப்பாய்கள் அதைக் கழற்றிப் புதரில் வீசிவிட்டுத்தான் கையைத் தூக்கினார்கள். எண் பொருந்திய ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது வெர்னனின் வாழ்நாள் ஆசை. இங்கே குழாயில் முப்பத்தெட்டு, மரக்கட்டையில் முப்பத்தெட்டு, போல்ட்டிலும் முப்பத்தெட்டு. அவன் நாக்கில் எச்சில் ஊறியது.

"காபி ஆறிடும் தம்பி, கீழ வாங்க!" என்று யூனிஸ் குரல் கொடுத்தாள்.

மற்றவர்களிடம் செய்ததைத்தான் இங்கேயும் செய்தான். கோட்டின் இடது பையில் எதற்கும் ஆகாத வேறு போல்ட் ஒன்று எப்போதும் கிடக்கும். அது ரைஃபிளுக்குள் போனது, முப்பத்தெட்டு வலது பைக்குள் போனது. கைவந்த கலை. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

ரைஃபிளோடு அவன் கீழே வந்ததும், சமையலறையில் அவள் வெல்லப்பாகு கேக் ஒரு துண்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"எங்க வீட்டுக்காரர் கிளிஃபோர்ட் போர்ல இதை ஒரு ஜெர்மன் பையன்கிட்டேர்ந்து எடுத்தாரு. எல்லாரும் போல்ட்டைத் தூக்கி எறிஞ்சாங்களாம், அவன் மட்டும் எறியல. கையில இறுக்கிப் பிடிச்சபடியே செத்துக் கிடந்தான். பதினாறு வயசுகூட இருக்காதாம். கை விறைச்சுப்போய்த் திறக்கவே இல்லை."

"அப்புறம் எப்படி எடுத்தாரு?"

"சாப்பிடுங்க தம்பி."

வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரைஃபிளைத் திருப்பிக் காட்டினான். முகத்தில் சாவு வீட்டுச் சோகம். "சொல்லவே கஷ்டமா இருக்கும்மா. யாரோ அவரை ஏமாத்தியிருக்காங்க. பாருங்க, போல்ட் எண் வேற. இது இதோடது இல்லை. எனக்கே நஷ்டம்தான், உங்களுக்காக எடுத்துக்கறேன்."

யூனிஸ் கண்ணாடியைப் போட்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் கோட்டின் வலது பையைப் பார்த்தாள், அல்லது பார்த்ததுபோல் அவனுக்குப் பட்டது.

"நீங்க சொன்னா சரிதான். இருங்க, பெட்டியில நானே வச்சுத் தர்றேன்."

நாளை மான் வேட்டை தொடங்குகிறது. சாலையெங்கும் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்களின் லாரிகள். மாலை ஐந்துக்கே இருட்டு கவிந்து, வயல்களின் ஈரமும் டீசல் புகையும் கலந்த காற்று கார்க் கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது. சிக்னலில் நின்றபோது வெர்னன் ஆசையாக வலது பைக்குள் கையை விட்டான். போல்ட் இன்னும் சூடாக இருந்தது. சூடு மட்டுமல்ல, பிசுபிசுப்பும்கூட, நெடுநேரம் மூடிய உள்ளங்கைக்குள் வேர்த்ததுபோல. பையிலிருந்து சேற்று நாற்றம் எழுந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். இழுக்கும்போது பையின் துணிதான் விரலில் மாட்டியிருக்க வேண்டும். ஏதோ ஒன்று அவனை ஒரு கணம் பிடித்து, பிறகு விட்டது.

வீட்டில் யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. எல்லா விளக்குகளையும் போட்டான். பெட்டியை மேசைமேல் திறந்து, பொய் போல்ட்டைக் கழற்றி எறிந்தான். மனதைத் திடப்படுத்திக்கொண்டு முப்பத்தெட்டை எடுத்து ரைஃபிளுக்குள் செருகப் போனான்.

கை திறக்கவில்லை.

விரல்களை விரிக்கச் சொன்னான். விரியவில்லை. இடது கையால் நெம்பினான். அசையவில்லை. குழாயடியில் வெந்நீர் விட்டான். சோப்பு. எண்ணெய். ஒன்றும் நடக்கவில்லை. முஷ்டிக்குள் சூடு ஏறியது.

டெலிபோன் அடித்தது. இடது கையால் எடுத்தான்.

"கையில பிடிச்சுக்கிச்சா தம்பி?"

"அம்மா... இது... என்ன இது?"

"எண் பொருந்தியிருக்குன்னு உள்ளதைச் சொன்ன வியாபாரிங்க நாலு பேர் வந்தாங்க. நல்லவங்க. அவங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல. உங்களைப் பத்தி ஊரே சொல்லுச்சு, அதான் கூப்பிட்டேன்." காபியை உறிஞ்சும் சத்தம். "எப்படி எடுத்தார்னு கேட்டீங்களே? அவரோட கத்தியைப் பெட்டிக்குள்ளயே வச்சிருக்கேன், துணிக்கு அடியில. நல்லா தீட்டியிருக்கு."

"யூனிஸம்மா! மன்னிச்சிடுங்க! திருப்பிக் கொண்டு வர்றேன்!"

"வேணாம் கண்ணு. உங்க விலைக்கு நான் வித்தாச்சு."

ரிசீவரை வைத்துவிட்டாள்.

துணிக்கு அடியில் கத்தி இருந்தது. மடக்குக் கத்தி. தீட்டித் தீட்டித் தேய்ந்தது.

முஷ்டியை விளக்கடியில் வைத்தான். சேற்று நாற்றம். உள்ளே ஏதோ அசைந்தது. அவன் விரலுக்கும் இரும்புக்கும் நடுவில். இன்னும் இறுக்கியது.

பிறகு, அவன் விரலிடுக்குகள் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவை வெளியே வந்தன. விரல்கள். அவன் விரல்களோடு பின்னிக்கொண்டன. கண்ணெதிரே தோல் ஒட்டியது, நிறம் ஒன்றானது, நகங்களில் ஒரே சேறு படிந்தது. எது தன்னுடையது?

வாழ்நாளெல்லாம் அசலையும் சேர்த்ததையும் பிரித்துச் சொன்னவன் குனிந்து உற்றுப் பார்த்தான். ஒவ்வொரு நகத்திலும் எண் அடித்திருந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

எல்லாம் பொருந்தியிருந்தது. வெர்னன் இடது கையில் கத்தியை எடுத்து, முதல் விரலின்மேல் வைத்தான்.