வடமேட்டின் குரல்

வடமேட்டின் மீது காலைக் குண்டுவீச்சு முடிந்த பிறகுதான் தென்குடிலில் சிற்றுண்டி பரிமாறுவார்கள். செவ்வாயில் அது நாற்பது ஆண்டு வழக்கம். பள்ளத்தாக்கின் மறுகரையில் இருப்பவை, எஜமானர்களைக் கொன்றுவிட்டுத் தாமாக இயங்கும் சுரங்க எந்திரங்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். அவற்றின் அலைவரிசையில் தகரத்தைப் பிறாண்டும் கரகரப்பைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

வானொலிக்காரி தில்லைநாயகியின் தம்பி போன வாரம் செத்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் கிடைக்கவில்லை. அவனைக் கொன்ற ஆளில்லாப் பறவைவிமானத்தின் சிதைவில் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை அவள் கண்டெடுத்தாள். குரல் அவிழ்ப்பி. எண்குறிகளாக வரும் பேச்சை மீண்டும் பேச்சாக்கும். பேச்சை எண்குறியாகவும் மாற்றும்.

"எந்திரத்துக்கு எதுக்கு அண்ணாச்சி குரலு?" என்று தளபதி ஏகாம்பரத்திடம் கேட்டாள். அவர் அவளோடு வானொலி அறைக்கு வந்தார்.

வானொலி ஏற்பி தன் ஒலிபெருக்கிக்கு அனுப்புமுன் ஒலியை வடிகட்டிவிடும். எண்குறித் துடிப்புகள் அதில் மழுங்கிப்போகும். அதனால் வடிகட்டிக்கு முன்பே ஒரு கம்பியைப் பற்றவைத்து அவிழ்ப்பிக்கு இழுத்தாள். அப்போது வடமேட்டிலிருந்து ஒரு குண்டு வந்து விழுந்தது. வாசலில் நின்ற காவலன் சுவரோடு நசுங்கினான். கண்ணாடிச் சில்லு அவள் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணில் வழிய, பற்றவைத்து முடித்தாள்.

வெறும் உளறல் வந்தது. துடிப்புகள் தலைகீழாக இருக்குமோ என்று பெட்டியின் திருப்புவிசையைத் தட்டினாள்.

"...தண்ணிக் குழாய் போச்சு. மூணு பேரு செத்துட்டாங்க. யாராச்சும் கேக்குறீங்களா?"

ஏகாம்பரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கத்தினார்: "பீரங்கிய நிறுத்துங்கலே!"

தில்லைநாயகி பெட்டியோடு இணைத்துக் கொடுத்த ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஐயா, நாங்க தென்குடில். மனுசங்கதான் பேசுதோம்."

மறுமுனையில் ஒருவர் விம்மினார். "உங்கள எந்திரம்னுல்லா நெனச்சோம்!"

தில்லைநாயகி வாய்விட்டு அழுதாள். தம்பியைக் கொன்றவர்கள் மனிதர்கள். அவள் அழுகையில் ஆத்திரமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது.

"பூமியில உங்க பாட்டன்மாருக்கு எந்த ஊரு?" என்றார் ஏகாம்பரம்.

"கொற்றையூர்."

"அட! எங்களுக்கும் கொற்றையூர்தான்யா!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க ஆளனுப்புவதாக ஏகாம்பரம் வாக்குக் கொடுத்தார்.

"கொற்றையூர்ல எந்தத் தெரு?" என்று மறுமுனை கேட்டது. "நாங்க மேலத்தெரு."

ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றது. செவ்வாயில் தெரு என்று ஒன்று கிடையாது. ஆனாலும், மேலத்தெருவில் தன் பாட்டன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார் என்று கேட்டிருந்த அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே மறுமுனைக்குப் போதுமானதாக இருந்தது.

"ஓ... அவங்களா நீங்க" என்றது குரல்.

"வேண்டாம் அண்ணாச்சி!" தில்லைநாயகி அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு, "எல்லாப் பீரங்கியும்!" என்றார்.

இரு கரைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குண்டுகள் கிளம்பின. அவிழ்ப்பி பழுதில்லாமல் வேலை செய்தது. வடமேட்டின் அலறல் ஒவ்வொன்றும் சொல் சொல்லாக, நல்ல தமிழில் கேட்டது.