பெல்விக் இயந்திரத்தின் சத்தம்

1944 அக்டோபர், ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயா. ஒரு சனிக்கிழமை மாலை. பகாவுக்குப் போகும் சாலையை ஒட்டிய புக்கிட் தாமார் ரப்பர் தோட்டத்தில், ஜப்பானிய மேனேஜர் ஒக்குமுரா லாரியிலிருந்து இறங்கித் தன் பங்களாவுக்குள் போனார். அவருடைய அறையில் மேசை இழுப்பறையின் பூட்டு நெம்பப்பட்டிருந்தது. உள்ளே இருந்த கொயினா மாத்திரை டின் காணவில்லை.

தோட்டத்தில் மிச்சமிருந்த கொயினா அது ஒன்றுதான். தொழிலாளர்களின் லயத்தில் மலேரியாக் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் அந்த டின்னிலிருந்து ஒரு மாத்திரைகூட லயத்துக்குப் போனதில்லை. அது மேனேஜருக்கும், அவரைப் பார்க்க வரும் அதிகாரிகளுக்கும் மட்டும்.

அதே லாரியில் வந்திறங்கிய இன்னொருவர் ராசா என்ற ஊரைச் சேர்ந்த ஹிதாயத்துல்லா. சண்டைக்கு முன்பு சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் விற்பனையாளர். பெல்விக் என்ற புல்வெட்டும் இயந்திரத்தைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்றவர். இப்போது தேங்காயெண்ணெய்ச் சோப்பு காய்ச்சி விற்றுப் பிழைக்கிறார். பங்களாவில் இருக்கும் பெல்விக் இயந்திரத்தின் கத்தியைச் சரிபார்க்க ஒக்குமுரா அவரைக் கூட்டி வந்திருந்தார். அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். புல்தரை வழவழவென்று இருக்க வேண்டும் என்பது கட்டளை.

பெல்விக்கின் கதையை ஹிதாயத்துல்லா நூறு துரைமார்களிடம் சொல்லியிருப்பார். இங்கிலாந்தில் பெல்விக் என்ற கொல்லன் மகன் ஆரம்பித்த பட்டறை அது. முதலில் செய்த இயந்திரங்கள் பல்சக்கரத்தில் ஓடின. தள்ளினால் கடகடவென்று அடுத்த தெரு வரை கேட்கும். பக்கத்து வீட்டுப் பாதிரியார் பிரசங்கம் எழுத முடியவில்லை என்று வழக்குப் போட்டார். பெல்விக் தோற்றுப்போனார். கோபத்தில் பல்சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சைக்கிள் சங்கிலியைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். புல்லில் கத்தி உரசும் சரசரப்பைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் அதை வாங்க ஆளில்லை. சத்தம் கேட்காவிட்டால் தோட்டக்காரன் வேலை செய்கிறானா தூங்குகிறானா என்று எப்படித் தெரியும் என்று முதலாளிகள் கேட்டார்கள். மலாயாத் துரைமார்களும் அதையேதான் கேட்டார்கள். அதனால் பெல்விக் கம்பெனி இரண்டையும் செய்தது. ஒரே பச்சைச் சாயம், ஒரே பித்தளைப் பெயர்த்தகடு. சத்தம் போடுவது தோட்டங்களுக்கு. சத்தம் போடாதது கிளப்புகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்.

புக்கிட் தாமார் பங்களாவிலும் பல வருடங்களாகப் பல்சக்கர இயந்திரம்தான் இருந்தது. மூன்று நாள் முன்பு ராணுவத்தார் பழைய இரும்பு சேர்க்க வந்தபோது அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒக்குமுரா ஏற்பாடு செய்ததன்பேரில், சிரம்பானில் பூட்டிக் கிடந்த ஒரு கிளப்பிலிருந்து வேறொன்றை எடுத்து, இரண்டு நாள் முன்பு ஹிதாயத்துல்லாவே இங்கே கொண்டுவந்து இறக்கினார். இன்றுதான் அதை முதன்முதலில் ஓட்டியிருந்தார்கள்.

சந்தேகம் பங்களாத் தோட்டக்காரர் அர்ச்சுனன் மேல் விழுந்தது. மதியம் பெய்த மழை விட்ட பிறகு பங்களாப் பக்கம் இருந்தவர்கள் மூன்றே பேர்: புல் வெட்டிக்கொண்டிருந்த அர்ச்சுனன், சமையல்காரி பஞ்சாலை, எதிரே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு. ஒக்குமுரா முதலில் அர்ச்சுனனை இரண்டு அறை அறைந்து, கொடிக்கம்பத்தில் கட்டச் சொன்னார். பிறகு மற்ற இருவரையும் வராந்தாவுக்குள் கூப்பிட்டார். விசாரணை மலாய் மொழியில் நடந்தது.

பஞ்சாலை முந்தானையை இறுகப் பிடித்தபடி நின்றாள். சமையல்கட்டில் கிழங்கு அரைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மெஷின் சத்தம் கேட்டதா என்று ஒக்குமுரா கேட்டார். கேட்கவில்லை என்றாள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

ஒக்குமுராவுக்கு அது போதும். சத்தம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை. வேலை நடக்கவில்லையென்றால் அவன் பங்களாவுக்குள் இருந்திருக்கிறான்.

ஹிதாயத்துல்லா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கராஜு முந்திக்கொண்டார். துரை மன்னிக்க வேண்டும், அந்தப் பெண் பயத்தில் உளறுகிறாள். நான் ஆபீசில்தான் இருந்தேன், மழை விட்டதிலிருந்து மெஷின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது என்றார்.

ஹிதாயத்துல்லா வாயை மூடிக்கொண்டார்.

ஒக்குமுரா கிராணியை நம்பவில்லை. தெரிந்தவனைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று எரிந்து விழுந்தார். அதே லாரியில் அர்ச்சுனனைச் சிரம்பானுக்கு அனுப்பி, ராணுவப் போலீசிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். டின் கிடைக்காவிட்டால் லயத்திலிருந்து பத்துப் பேர், போனால் திரும்புவதே அரிதான சயாம் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டும்.

அந்த லாரி கரி எரித்து ஓடுவது. அடுப்பு மூட்டிப் புகை கிளம்ப நேரம் பிடிக்கும். அதுவரை அவனிடம் தமிழில் பேசிப் பார்க்கிறேன், டின் எங்கே என்று ஒருவேளை சொல்லிவிடுவான் என்று ஹிதாயத்துல்லா கேட்டார். ஒக்குமுரா கையசைத்து அனுமதித்தார்.

அர்ச்சுனனின் உதடு கிழிந்திருந்தது. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

"மழை விட்டதும் மெஷின எடுத்தேன் பாய். லாரி வர்ற வரைக்கும் நிறுத்தல. குனிஞ்ச தலை நிமிரல."

"மெஷின் எப்படி ஓடுது?"

"பழசு மாதிரி இல்ல. வெண்ணெயில போற மாதிரி போகுது."

ஹிதாயத்துல்லா புல்தரையைப் பார்த்தார். ஒரு ஓரம் முதல் மறு ஓரம் வரை வெட்டி முடிந்திருந்தது. வெட்டிய புல் ஈரமாகக் கத்தியில் அப்பிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் வெட்டியிருந்தால் காய்ந்த புல் கத்தியில் ஒட்டாமல் உதிர்ந்திருக்கும். மழைக்குப் பின் இவ்வளவையும் வெட்டியவனுக்கு வேறு எதற்கும் நேரம் இருந்திருக்காது.

பிறகு கிராணி ஆபீசுக்குப் போனார். தங்கராஜு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அரிசி விஷயமாகப் பகாவில் அலைந்துவிட்டு இன்று காலைதான் திரும்பியதாகவும், வெறுங்கையோடு வந்ததாகவும் சொன்னார். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"மத்தியானத்துக்கு மேல இங்கதான் இருந்தீங்களா கிராணியாரே?"

"இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல பாய். ஜன்னல்கூடத் தொறந்துதான் இருந்துச்சு. கடகடன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு மெஷின். பாவம், அர்ச்சுனன் அப்படிப்பட்ட ஆளில்ல."

ஹிதாயத்துல்லா அந்த ஜன்னலைப் பார்த்தார். நாற்காலிக்கு நேர் எதிரே அது. முழுப் புல்தரையும் தெளிவாகத் தெரிந்தது; அதன் நடுவில் கம்பத்தில் அர்ச்சுனன் கட்டப்பட்டிருந்தார். ஹிதாயத்துல்லா போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பழைய மெஷின் இப்ப தோட்டத்துலயே இல்ல. நீங்க பகாவுல இருந்தப்ப இரும்புக்குன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க நிக்கிறது வேற. அது சத்தமே போடாது."

தங்கராஜு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஹிதாயத்துல்லா குரலை உயர்த்தாமல் மேலே சொன்னார். பஞ்சாலை பொய் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றது உண்மை. கேட்டதாகச் சொன்ன நீங்கள்தான் பொய் சொன்னீர்கள். இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யாக இருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த நாற்காலியில் இருந்தவருக்கு இரக்கப்பட்டாலும் பொய் தேவையில்லை. கண் முன்னால் அவன் போவதும் வருவதும் தெரிந்திருக்கும். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் பார்த்தேன் என்று சொல்லவில்லை. கேட்டேன் என்றீர்கள். இங்கே இல்லாததால்தான் பார்க்கவில்லை.

வெளியே லாரியின் அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது.

"சாமான் எங்க இருக்கு?"

தங்கராஜு மேசையைப் பார்த்தபடி சொன்னார். "புகைக்கூட்டுல. ரப்பர் ஷீட்டுக்கு அடியில."

பகாவுக்குப் பக்கத்துக் காட்டில் சிங்கப்பூர் சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருந்தார்கள். அங்கே காய்ச்சலில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். கொயினா கொண்டுவந்தால் ஒரு மூட்டை அரிசி தருவதாக ஒரு வியாபாரி தங்கராஜுவிடம் சொல்லியிருந்தான். அவர் மனைவி வள்ளியம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதையும் கண்டு பல வாரங்கள் ஆகியிருந்தன. மழை விடும் நேரத்தில் ஆபீசின் பின்வாசல் வழியாகச் சுற்றிப் பங்களாவுக்குள் போனதாகவும், பூட்டை நெம்பியபோது வெளியே சத்தமே இல்லாததால் அர்ச்சுனன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்ததாகவும், டின்னை ஒளித்துவிட்டு லாரி வந்த பிறகே ஆபீசுக்குத் திரும்பியதாகவும் தங்கராஜு சொன்னார்.

"அப்படி நினைச்சும் ஏன் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"அவன் சாகப்போறான்ல பாய். என்னால சாகப்போறான். எதையாவது சொல்லிக் காப்பாத்தணும்னு வந்துச்சு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று தங்கராஜு சொல்லியிருந்தால், யாரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம்தான் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது.

நீங்களே எங்காவது கண்டெடுத்ததாக அந்த டின்னைக் கொடுத்துவிடக் கூடாதா என்று தங்கராஜு கேட்டார். ஹிதாயத்துல்லா யோசித்தார். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுக்குச் சாவி கிராணியிடம் ஒன்று, புகைபோடும் ஆளிடம் ஒன்று. அங்கே கிடைத்ததென்றால் அந்த ஆளைக் கட்டுவார்கள். புல்தரையில் கிடைத்ததென்றால் அர்ச்சுனன். எங்கே கிடைத்தாலும் அதன் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தான்.

"நான் இப்ப போயி அந்த மெஷின ஒக்குமுரா முன்னால தள்ளிக் காட்டப்போறேன். காட்டுனா அர்ச்சுனன் பொழைச்சுக்குவான். ஆனா நீங்க சொன்னது பொய்யின்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போயிரும். அதுக்கு முன்னாடி நீங்களா போனா உசிரு தப்பலாம். சத்தியமா சொல்ல முடியல. தப்பலாம்."

தங்கராஜு எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். புகைக்கூட்டுப் பக்கம் நடந்தார். ஹிதாயத்துல்லா அவர் பின்னாலேயே போகவில்லை. அவர் ஓடிப்போயிருக்கலாம், ரப்பர் மரங்களுக்குள் நுழைந்தால் யாரும் பிடிக்க முடியாது. ஆனால் அவர் டின்னோடு திரும்பி வந்து, நேராக வராந்தாவில் ஏறினார்.

அவர் ஒப்புக்கொண்ட பிறகும் ஒக்குமுரா நம்பத் தயங்கினார். நண்பனுக்காகப் பழியை ஏற்கிறானோ என்று அவருக்குச் சந்தேகம். பஞ்சாலையின் வார்த்தை இன்னும் அர்ச்சுனனுக்கு எதிராகவே நின்றது. ஹிதாயத்துல்லா இயந்திரத்தைப் புல்தரையில் தள்ளிக் காட்டினார். ஒக்குமுரா வராந்தாவில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தாமே சமையல்கட்டுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து, அர்ச்சுனனை அவிழ்த்துவிடச் சொன்னார்.

தங்கராஜு விழும்வரை அடிபட்டார். தானாக வந்து டின்னைக் கொடுத்ததால் ராணுவப் போலீசுக்கு அனுப்பவில்லை. சயாம் ரயிலுக்கு அனுப்பினார்கள். லாரியில் ஏற்றியபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. சண்டை முடிந்ததும், அங்கே போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை.

அன்று லாரி போன பிறகு ஹிதாயத்துல்லா அர்ச்சுனனிடம் நடந்ததைச் சொன்னார். வேறு யாராவது தப்புத்தப்பாகச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அர்ச்சுனன் மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தைத் தேய்த்தபடி கேட்டார்.

"எனக்காக அங்க வாயத் தொறந்தது அவரு ஒருத்தருதானே பாய்?"

"ஆமா."

வராந்தாவில் தான் வாயெடுத்து மூடிக்கொண்டதை ஹிதாயத்துல்லா நினைத்துக்கொண்டிருந்தார்.

கிராணி வீட்டை மறுநாளே காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. வள்ளியம்மா ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் நின்றாள். லயத்து ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். திருடனின் மனைவியைச் சேர்த்துக்கொண்டால் ஜப்பான்காரன் என்ன செய்வானோ என்ற பயம் அவர்களுக்கு. அர்ச்சுனன் வீங்கிய முகத்தோடு ஏறி வந்தார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன செஞ்சாருன்னு தெரியுமா?" என்று வள்ளியம்மா கேட்டாள்.

"தெரியும்மா. பஞ்சாலை வீட்டுல இடம் இருக்கு. பாத்து எறங்குங்க, மழைக்குப் படி வழுக்குது."