பூச்சாடிக்குள் பதுங்கிய மாத்திரைகள்

காலை பத்து மணி. பூச்சாடி விழுந்து உடைந்தது.

இடித்தது எக்ஸ்ரே அம்மாவின் கைப்பை. அதைக் கைப்பை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சின்னக் குடும்பம் ஒன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு அதில் தாராளமாகக் குடியேறலாம். அந்த மூட்டையை அவர் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். மேசைமேல் இருந்த பீங்கான் சாடி தரையில் சுக்குநூறானது. பிளாஸ்டிக் ரோஜாக்கள் ஒரு பக்கம் போக, மறுபக்கம் வெள்ளை மாத்திரைகள் சலசலவென்று சிதறின. நாற்காலிக்கடியில் சில, கதவோரம் சில, டாக்டரின் செருப்புக்கு முன்னால் ஒன்று. ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். புளியங்கொட்டையைக் கொட்டிவிட்டதுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடியது.

அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். எக்ஸ்ரே அம்மா மாத்திரைகளைப் பார்க்கவே இல்லை. விமான நிலையத்துச் சுங்க இலாகாவில் பெட்டி திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர் அவர். அவர் பார்வை பட்டாலே பூட்டு தானாகத் திறந்து மன்னிப்புக் கேட்கும் என்று சத்தியம் செய்யும் சக ஊழியர்கள் வைத்த பெயர்தான் எக்ஸ்ரே. பெட்டி திறக்கும்போது அவர் பெட்டிக்குள் பார்க்கவே மாட்டார். சுற்றி நிற்கிறவர்களின் கண்களைத்தான் பார்ப்பார்.

இப்போதும் பார்த்தார். டாக்டரின் கண் எக்ஸ்ரே அம்மாவின் மாப்பிள்ளைமேல் விழுந்தது. நர்ஸின் கண்ணும் அங்கேதான். பொட்டலம் என்ற பட்டப்பெயருள்ள பெரியவர் தரையைப் பார்த்தார். ஜன்னலோரம் நின்ற டீச்சரும் தரையைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“போச்சு,” என்றார் டாக்டர். “எல்லாம் போச்சு.”

அது மனநோயிலிருந்து தேறியவர்கள் வீடு திரும்புமுன் தங்குகிற இல்லம். மாப்பிள்ளை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அவர் மனம் சில மாதம் ஆகாயத்தில் மிதக்கும்; சில மாதம் பாதாளத்தில் கிடக்கும். அது போதாதென்று ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி. இரண்டுக்கும் மாத்திரை உண்டு. கிருமிக்கான மாத்திரையைத் தவறாமல் போட்டால் அது ரத்தத்தில் கண்ணுக்கே தட்டுப்படாமல் அடங்கிவிடும், மனைவிக்கும் தொற்றாது. விட்டால் மறுபடி தலைதூக்கும்.

அந்த மனைவி எக்ஸ்ரே அம்மாவின் ஒரே மகள். “விட்டுட்டு வாடி” என்று தாய் கெஞ்சியபோது, “அவர் மாத்திரை போடறவரைக்கும் நான் எங்கயும் வரல” என்றவள். இன்று மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள். மகளுக்குக் கடையில் லீவு இல்லை, தாய் வந்திருந்தார்.

“கிருமிக்குக் குடுக்கறது இந்த மாத்திரைதானா?” என்று கேட்டார் எக்ஸ்ரே அம்மா.

“அதேதான். எங்க இல்லத்துல இவரும் பொட்டலமும் மட்டுந்தான் இதைச் சாப்பிடறாங்க,” என்றார் டாக்டர். “பொட்டலம் இந்த அறைக்கு வர்றதே அபூர்வம். உங்க மாப்பிள்ளை தினம் இங்க டீச்சரோட வகுப்புக்கு வந்து, சாடிக்குப் பக்கத்து நாற்காலியிலதான் உக்காருவார். வந்த புதுசுல கன்னத்துல அடக்கித் துப்பினவர் வேற. இவரை ஆஸ்பத்திரியில பூட்டியே வைக்கற மூடின வார்டுக்கு அனுப்பறேன். மதியத்துக்குள்ள வண்டி வந்துடும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“சொல்ல முடியாதும்மா.”

உண்மையைச் சொன்னால், எக்ஸ்ரே அம்மாவின் அடிமனதில் ஒரு அற்பச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. ‘பாத்தியாடி, நான் அப்பவே சொன்னேனே’ என்று மகளிடம் சொல்லிவிடலாம். ஆனால் கூடவே ஏதோ ஒன்று செருப்பில் புகுந்த கல்லைப்போல் உறுத்தியது. உட்காரவிடவில்லை. தரையில் மண்டியிட்டு மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

“ரத்தம் எடுத்துப் பாத்துடலாமே, டாக்டர்?”

“எடுப்போம். ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் அவரை வெளியில விட்டு, நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நானா பதில் சொல்றது?”

“வண்டி வர்றவரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாது.”

அவர் சொன்ன தோரணையில் டாக்டரே ஒரு கணம் கைகளைத் தூக்கிச் சோதனைக்கு நின்றுவிட்டார்.

பத்தரை மணி. மின்விசிறி கறகறத்தது. டாக்டர் அறையின் நீளத்தை நடந்து அளந்துகொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, இது நீங்க போட்டதா?”

“இல்ல அத்தை.”

“பின்ன யாரு?”

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியுமா, தெரியாதா?”

“நான் இல்ல அத்தை. அவ்வளவுதான் சொல்வேன்.”

“வண்டி வந்துக்கிட்டிருக்கு. மூடின வார்டுன்னா தெரியும்ல?”

“தெரியும். போன தடவை இருந்திருக்கேன்.” அவர் முழங்கால் தையல் மிஷின்போல் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து பொட்டலம். கையில் கிடைக்கிற எதையும் காகிதத்தில் மடித்து ஒளித்துவைப்பது அவர் வழக்கம். அவர் தலையணையை உதறினால் ஒரு மளிகைக் கடையே திறக்கலாம்.

“ஐயா, சாடியில வச்சது நீங்களா?”

பொட்டலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “காகிதம் எங்கம்மா? மடிக்காம வைக்க நான் என்ன காட்டுமிராண்டியா?”

நியாயமான பதில். எக்ஸ்ரே அம்மா நர்ஸின் பக்கம் திரும்பினார்.

“நீங்க எப்படிக் குடுப்பீங்க, சிஸ்டர்?”

“கையில குடுக்கறதே இல்லம்மா. ஸ்பூனால எடுத்து நாக்குல வைப்பேன். ஒரு மடக்குத் தண்ணி. அப்புறம் ‘ஆ’ காட்டச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, ரெண்டு கன்னமும் பாத்துட்டுத்தான் விடுவேன். இல்லத்துல இருக்கிற எல்லாருக்கும் இதே சட்டம்.”

“அலமாரிச் சாவி?”

“என் கழுத்துல. குளிக்கும்போதும் கழட்ட மாட்டேன்.”

கடைசியாக டீச்சர். அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து, மாத்திரையை ஏன் விடக்கூடாது என்று வகுப்பு எடுக்கிற ஆலோசகர். தனக்கும் அதே கிருமி என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தான் முதல் வகுப்பைத் தொடங்குவார். அவர் பேச்சைக் கேட்டால் கல்லும் வாயைத் திறந்து மாத்திரை கேட்கும் என்பது இல்லத்தில் நிலவிய கருத்து.

“நீங்க என்ன நினைக்கறீங்க, டீச்சர்?”

“அவரை அனுப்ப வேணாம்,” என்றார் டீச்சர். கண்ணுக்கடியில் கருவளையம். “தயவுசெஞ்சு அனுப்ப வேணாம்.”

“பாவம், ராத்திரி பகலா இவங்களுக்காக உழைக்கறாங்க,” என்றார் டாக்டர். “இவங்க மனசு அப்படி.”

பதினோரு மணி. எக்ஸ்ரே அம்மா நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, பொறுக்கிய மாத்திரைகளில் ஒன்றை நீட்டினார்.

“சிஸ்டர், இதை எனக்கு வைங்க. அவங்களுக்குப் பண்ற மாதிரியே.”

“அம்மா! அது மருந்து!” என்று டாக்டர் அலறினார்.

“முழுங்கினாத்தானே மருந்து? பேசாம இருங்க.”

நர்ஸ் ஸ்பூனால் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். “ஆ” என்றாள். எக்ஸ்ரே அம்மா வாயை ஒரு குகை அளவுக்குத் திறந்தார். நாக்கைத் தூக்கினார், இடது கன்னம் காட்டினார், வலது கன்னம் காட்டினார். நர்ஸ் டார்ச் அடித்துத் தேடினாள். ஒன்றும் இல்லை.

“முழுங்கிட்டாங்க, டாக்டர்!”

எக்ஸ்ரே அம்மா உள்ளங்கையில் துப்பினார். எங்கிருந்து வந்ததோ, மாத்திரை வந்து விழுந்தது. “கடத்தல்காரங்க வைரத்தையே இப்படிக் கொண்டு வருவாங்கம்மா. அவங்ககிட்ட கத்துக்கிட்டது.” பிறகு குரல் மாறியது. “இதைத் தொட்டுப் பாருங்க, டாக்டர்.”

டாக்டர் தொட்டார். மேல்பூச்சு வழவழத்து, தோல் உரிந்து, மாவாகக் கசிந்து விரலில் ஒட்டியது. பொறித்திருந்த எழுத்து மங்கிப்போயிருந்தது. எக்ஸ்ரே அம்மா அதன்மேல் சாடியில் கிடைத்த இன்னொரு மாத்திரையை வைத்து அழுத்தினார். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

“வாய்க்குள்ள போய் வந்த மாத்திரை இப்படித்தான் இருக்கும். இதை ஒண்ணுமேல ஒண்ணாச் சாடிக்குள்ள போட்டா என்ன ஆகும்? அடியில அப்பிக்கிட்டுக் கட்டியாயிருக்கும். சாடி உடைஞ்சப்ப என்ன நடந்துச்சு? தனித்தனியா ஓடுச்சு. நானே மண்டி போட்டுப் பொறுக்கினேன். ஒண்ணுகூட ஒட்டல.”

“துடைச்சுக் காயவச்சுப் போட்டிருக்கலாமே?”

“நல்ல கேள்வி. எழுத்தைப் பாருங்க. சாடியில இருந்த ஒவ்வொண்ணுலயும் நேத்துப் பொறிச்ச மாதிரி இருக்கு. இதுல எதுவும் யார் நாக்குலயும் படவே இல்ல. என் மாப்பிள்ளை கைக்கு மாத்திரையே வர்றதில்ல, நேரா நாக்குக்குத்தான் வருது. அப்போ இது அவரோடது இல்ல. பொட்டலத்தோடதும் இல்ல.”

டாக்டர் மெதுவாக நர்ஸைப் பார்த்தார். நர்ஸின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. “ஐயோ, என்னையா?”

“அலமாரியில எண்ணிப் பாருங்க,” என்றார் எக்ஸ்ரே அம்மா.

டாக்டரே போய் எண்ணினார். ஓட்டமாகத் திரும்பினார். “ஒண்ணுகூடக் குறையல.”

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் முழங்கால் ஆட்டம் நின்றது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ அலமாரிக்குள்ள போகாத ஒரு பாட்டில்லருந்து வந்திருக்கு,” என்றார் எக்ஸ்ரே அம்மா. “யாரும் ஸ்பூனால வைக்காத, யாரும் வாயைத் திறந்து பாக்காத ஒருத்தரோட பாட்டில். இன்னொண்ணும் சொல்றேன். ஏமாத்தணும்னு நினைக்கறவங்க கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திடுவாங்க. இங்க ஒருத்தர் தூக்கிப் போடாம சேத்து வச்சிருக்காங்க. இதோட மதிப்பு தெரிஞ்சு, தூக்கி எறிய மனசு வராத ஒருத்தர். சாடி உடைஞ்சப்ப டாக்டரும் சிஸ்டரும் என் மாப்பிள்ளையைப் பாத்தாங்க. அவர் ஜன்னலைப் பாத்தார். ஜன்னல்கிட்ட நின்னது நீங்கதான், டீச்சர்.”

“அத்தை!” மாப்பிள்ளை எழுந்துவிட்டார். “சொல்லாம விட்டிருக்கலாம்ல?”

டீச்சர் அழவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தார்.

“வகுப்பு முடிஞ்சதும் இங்கயேதான் போடுவேன்,” என்றார். “கொஞ்ச நாளா பாட்டிலைத் திறப்பேன், ஒண்ணை எடுப்பேன். வாய் வரைக்கும் கை வராது. அப்படியே உக்காந்திருப்பேன். தூக்கம் இல்ல, சாப்பிடப் பிடிக்கல. நாளைக்கு ஆரம்பிச்சுடலாம், நாளைக்கு ஆரம்பிச்சுடலாம்னு சாடியில போட்டேன். நானே சொல்லிக்குடுக்கறேன், நானே போடலன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

டாக்டர் திகைத்துப்போய், பழக்கதோஷத்தில் நர்ஸிடம் திரும்பினார். “நாளையிலருந்து டீச்சரையும் ‘ஆ’ காட்டச் சொல்லி…”

“அதுக்குப் பயந்துதான் டாக்டர் நான் சொல்லல,” என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்னு ஒருநாள் திரும்பி வந்தேன். அவங்க என்னைப் பாக்கல. மாத்திரையைப் பிடிச்சிருந்த கையை நான் பாத்தேன். நான் பாதாளத்துல கிடந்தப்ப என் கையும் அப்படித்தான் நின்னுச்சு. திமிருன்னாங்க, பைத்தியம்னாங்க, வாயைப் பிளந்து பாத்தாங்க. என்ன ஆச்சுன்னு முதல்ல கேட்டது டீச்சர் மட்டுந்தான். அவங்களை எப்படிக் காட்டிக்குடுக்கறது?”

“நல்லா இருக்கு!” எக்ஸ்ரே அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்க வாயை மூடிக்கிட்டு வார்டுக்குப் போயிருப்பீங்க. டீச்சர் இன்னும் பத்துச் சாடி நிரப்பிட்டுப் போய்ச் சேந்திருப்பாங்க. இதுக்குப் பேர் நன்றியா, மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை தலைகுனிந்தார். “அதனாலதான் எனக்கும் தூக்கம் வரல அத்தை.”

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “தப்பு என்னோடது, டீச்சர். இங்க இருக்கிற எல்லாரையும் தினம் ‘தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா’ன்னு கேக்கறேன். உங்களை ஒருநாள்கூடக் கேக்கல. இன்னிக்கே ரத்தம் எடுத்துடலாம். எந்த மருந்தை, எப்படித் திரும்ப ஆரம்பிக்கறதுன்னு பாக்கலாம். மனசுக்கும் சேத்து வைத்தியம் பாக்கணும். நீங்களா எதையும் செய்ய வேணாம்.”

“வகுப்பு?” என்றார் டீச்சர்.

“லீவு போடுங்க. தேறினதும் வாங்க.”

“வந்து என்னன்னு சொல்லிக்குடுப்பேன்?”

“இதைத்தான்,” என்றார் பொட்டலம் திடீரென்று. “நீங்க விட்டதே இல்லன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வரும், டீச்சர். அதனாலதான் வகுப்புப் பக்கமே வர்றதில்ல. விட்டவங்க வந்து சொன்னா நான் முன் வரிசையில உக்காந்து கேப்பேன்.” பிறகு தரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் திணித்தார். டீச்சருக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வந்த வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார் டாக்டர்.

பகல் ஒரு மணி. பேருந்து நிறுத்தத்தில் எக்ஸ்ரே அம்மாவும் மாப்பிள்ளையும் நின்றார்கள். மாப்பிள்ளையின் சட்டைப்பையில் அவருடைய சொந்த மாத்திரைப் பாட்டில். இனி ஸ்பூன் கிடையாது, டார்ச் கிடையாது. எக்ஸ்ரே அம்மாவின் கைகள் நிலைகொள்ளவில்லை. கைப்பையைத் திறந்தார், மூடினார், தோள் மாற்றினார். ஓய்வு பெற்ற ஒரு சுங்க அதிகாரிக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் பாட்டிலை எண்ணாமல் இருப்பது என்ன சாமானியமான காரியமா?

“அத்தை, கேக்க வந்ததைக் கேட்டுடுங்க,” என்றார் மாப்பிள்ளை. “பஸ் வருது.”

“இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

எக்ஸ்ரே அம்மா அந்த முகத்தைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை, பையைப் பார்க்கவில்லை. பிறகு முதல் ஆளாகப் பேருந்தில் ஏறி, ஜன்னலோர இடத்தைப் பிடித்து, உள்ளே இருந்து கத்தினார்:

“சரி, ஏறுங்க மாப்பிள்ளை. அவ காத்துக்கிட்டிருப்பா.”